மூக்கை நம்பாதவள்

என் தங்கைக்கு வாசனை தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தாள். காய்ச்சல் போகும்போது அதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு வேலை பார்ப்பவளாக இருந்திருந்தால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அவள் பார்ப்பது கேஸ் கட்டிங். கேஸும் ஆக்சிஜனும் சேர்ந்த நெருப்பால் இரும்புத் தகட்டை அறுக்கிற வேலை. கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியாதவளை அந்த வேலையில் யார் வைத்துக்கொள்வார்கள்? அதனால் இந்த விஷயம் எங்கள் வீட்டு இரண்டு அறைகளைத் தாண்டி வெளியே போகவில்லை. அம்மாவுக்கும் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். நான் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அவள் பத்தாவதோடு புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டு, ஒரு வருஷம் வெல்டிங்கும் கட்டிங்கும் கற்றுக்கொண்டாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அம்மா தையல்காரி. அப்பா லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். ஆக, வீட்டில் எந்நேரமும் மூன்று பெண்கள், ஒரு தையல் மெஷின், சுவரில் மாட்டிய என் பட்டம்.

சின்னவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா ஆசையாக ஒரு சட்டை தைத்தாள். பளபளப்பான துணி. சின்னவள் அதை வாங்கி, ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்து அடுப்பில் காட்டினாள். நூல் சுருண்டு கறுப்பு மணியாக உருண்டது.

"பார்த்தியாம்மா? இது எரியாது, உருகும். மேல ஒரு பொறி பட்டா தோலோட ஒட்டிக்கும். அப்புறம் சட்டையைக் கழட்டினா தோலும் சேர்ந்து வரும்."

அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தடித்த பருத்தித் துணி வாங்கி வந்து, முழுக்கை வைத்து, பைகளுக்கு மூடி வைத்து, பொறி தங்குகிற மடிப்பு ஒன்றுகூட இல்லாமல் தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு பட்டறையில் நாலு பேர் அதே மாதிரி சட்டை கேட்டு அம்மாவிடம் ஆள் அனுப்பினார்கள்.

வாசனை போன விஷயம் வெளிப்பட்டது ஒரு சாயங்காலம். அடுப்பில் பால் தீய்ந்து, பக்கத்து அறையில் இருந்த எனக்கே தொண்டையைக் கமறியது. ஓடி வந்து பார்த்தால் சின்னவள் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கட்டிங்கின்போது போடுகிற கறுப்புக் கண்ணாடி.

"ஏண்டி, மூக்கு இருக்கா இல்லையா உனக்கு?" என்றாள் அம்மா.

சின்னவள் பாத்திரத்தைப் பார்த்தாள். கறுத்த அடியையும், கிளம்புகிற புகையையும் பார்த்தாள். "இல்லம்மா" என்றாள்.

அன்று சாப்பிடும்போது நான் சொன்னேன், "பட்டறைல சொல்லிடலாமே."

"சொன்னா ஸ்டோர்ல உட்கார்ந்து நட்டு எண்ணச் சொல்லுவாங்க."

"மறைச்சு வேலை பார்த்தா, ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாது. மூக்கு இல்லாமலே கசிவு கண்டுபிடிக்க வழி இருக்கு. வகுப்புல சொல்லிக் கொடுத்தாங்க. யாரும் செய்யறதில்ல, அவ்வளவுதான்."

மறுநாள் ஒரு பாட்டில் சோப்புத் தண்ணீரும், சின்னப் பெயின்ட் பிரஷ் ஒன்றும் அவள் பைக்குள் போயின. காலையில் வேலை தொடங்குமுன் சிலிண்டர் வாய், ரெகுலேட்டர், ஹோஸ் குழாயின் இரண்டு முனைகள், நெருப்பு வருகிற கைப்பிடியான டார்ச்சின் திருகுகள் என்று ஒவ்வொரு இணைப்பிலும் தடவுவாள். குமிழி வந்தால் கசிவு. வராவிட்டால்தான் பற்ற வைப்பாள். சாப்பாட்டு நேரத்தில் சிலிண்டரையே மூடி, ஹோஸில் மிச்சம் இருக்கும் கேஸை வெளியே விட்டு, தொட்டிக்குள் இறங்கிச் செய்கிற வேலையாக இருந்தால் டார்ச்சை உள்ளே விடாமல் மேலே எடுத்துவிடுவாள். காலையில் பத்து நிமிஷம், மத்தியானம் பத்து நிமிஷம். பட்டறை அவளுக்குச் 'சோப்பு' என்று பெயர் வைத்தது.

"என்ன சோப்பு, இன்னைக்கு எந்த சிலிண்டருக்குத் தலைக்குக் குளியல்?"

"வரிசையா எல்லாத்துக்கும்தான்."

"அப்படியே எண்ணெய் வெச்சுப் பின்னி விடேன்."

"ஆக்சிஜன் பக்கத்துல எண்ணெய்ப் பேச்சே வேண்டாம்ணா. எண்ணெய்க் கையோட ரெகுலேட்டரைத் தொட்டா, அது பத்திக்கிறதுக்குத் தீக்குச்சிகூட வேண்டாம்."

இப்படிக் கேலி செய்வதில் முதல் ஆள் மூக்கன். சின்னவளைப் போலவே கட்டிங் செய்பவர், இருபது வருஷ அனுபவம். மூக்கு நிஜமாகவே பெரியதுதான். ஆனால் பெயர் வந்தது அதன் அளவினால் அல்ல, அதன் திறமையினால். சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொருவர் டப்பாவையும் திறக்குமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பந்தயம் கட்டித் தோற்றவர்கள் நிறையப் பேர். பட்டறையில் தொட்டிக்குள் இறங்கும் வேலைக்கு ஒரு வழக்கமே அவர் மூக்கை வைத்து உண்டாகியிருந்தது. சாப்பிடப் போகும்போது டார்ச்சின் திருகுகளை மட்டும் மூடி, ஹோஸோடு தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு வருவார்கள். திரும்பி வந்ததும் மூக்கன் தொட்டியின் வாயில் தலையை விட்டு ஒரு நீள மூச்சு இழுப்பார். "சுத்தம்" என்பார். இறங்குவார்கள். அவர் 'சுத்தம்' என்று சொல்லி ஒருநாளும் தப்பாகவில்லை என்பது பட்டறையின் பெருமை.

இதெல்லாம் எனக்கு நேரில் தெரியும். பட்டம் வாங்கி ஒன்றரை வருஷம் வேலை தேடி அலுத்து, கடைசியில் அதே பட்டறை ஆபீசில் மூன்று மாதத் தற்காலிக வேலையில் உட்கார்ந்தேன். தொட்டிக்குள் நெருப்பு வேலை செய்ய ஒவ்வொரு நாளும் ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும். அதை டைப் செய்வது என் வேலை. 'உட்புறக் காற்று பரிசோதிக்கப்பட்டதா?' என்று ஒரு கட்டம் இருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் 'ஆம்' என்று போட்டு வைத்திருந்தார். நானும் 'ஆம்' போட்டேன். வேலை மிச்சம் என்று திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் அச்சடித்து வைத்துவிடுவேன். வியாழக்கிழமைக் காற்று நன்றாக இருந்தது என்று திங்கட்கிழமையே எழுதி வைக்கிற கெட்டிக்காரியாக இருந்தேன். நான் படித்தது வேதியியல் என்பது அந்த மூன்று மாதத்தில் எனக்கு ஒருமுறைகூட ஞாபகம் வரவில்லை. சுவரில் மாட்டிய பட்டத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அந்த வாரம் ஒரு தொழிற்சாலையின் பழைய தண்ணீர்த் தொட்டி வந்திருந்தது. படுத்த வாக்கில் பதினாறு அடி நீளம், ஒன்றரை ஆள் உயரம். மேல்பக்கம் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வாய்; பள்ளத்தில் இறக்கி வைத்திருந்ததால் அது தரையிலிருந்து இடுப்பு உயரத்தில்தான் இருந்தது. உள்ளே நாலு தடுப்புத் தகடுகள். துருப்பிடித்த அந்தத் தகடுகளை அறுத்து எடுக்க வேண்டும். சனிக்கிழமை வண்டியேற்றியாக வேண்டும் என்று சூப்பர்வைசர் ஒரு நாளைக்கு நாலு முறை சொல்லிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை காலையில் மூக்கன் உள்ளே இறங்கி இரண்டாவது தகட்டை முடித்தார். சின்னவள் அன்று காலை பின்பக்கக் கொட்டகையில் வேறு வேலையில் இருந்தாள். மத்தியானம் தொட்டி வாயில் நிற்பதுதான் அவள் முறை; உள்ளே ஒருவர் இருந்தால் வெளியே ஒருவர் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும்.

சாப்பாட்டு மேஜையில் யாரோ டப்பாவை நீட்டினார்கள். "சொல்லுங்கண்ணே. ரெண்டு நாளா ஜோசியமே காணோம்."

மூக்கன் டப்பாவை ஒரு பார்வை பார்த்தார். "முட்டை."

திறந்தால் மீன். மேஜையே சிரித்தது. "அண்ணனுக்கு வயசாயிடுச்சு" என்றார் ஒருவர். "மீன்காரன் முட்டையையும் சேர்த்து வித்திருப்பான்" என்றார் இன்னொருவர். மூக்கனும் சேர்ந்து சிரித்துக்கொண்டே, தன் சோற்றில் உப்பை அள்ளிப் போட்டார். "ரெண்டு நாளா எங்க வீட்ல உப்பே போடறதில்லப்பா. கேட்டா எனக்குக் கொழுப்புங்கறா."

சின்னவள் சிரிக்கவில்லை. கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசனை தெரியாதவள் தெரிந்தவள் மாதிரி நடிப்பதில் அவளுக்கு இரண்டு வருஷப் பழக்கம். கண்ணால் பார்த்து ஊகித்துச் சொல்வது, ருசி தெரியாமல் உப்பை அள்ளிப் போடுவது, சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரித்துச் சமாளிப்பது. அத்தனையும் அவள் செய்து பார்த்தவை. மேஜையில் இருந்த பதினோரு பேரில் அவள் ஒருத்திக்குத்தான் அது அடையாளம் தெரிந்தது.

நான் சீட்டில் கையெழுத்து வாங்கத் தொட்டிப் பக்கம் போனபோது மூக்கன் வாயில் தலையை விட்டு மூச்சிழுத்துவிட்டு நிமிர்ந்தார். "சுத்தம்." சட்டைப் பையில் பற்ற வைக்கிற லைட்டர். ஏணியில் கால் வைக்கப் போனவருக்கு முன்னால் சின்னவள் போய்த் தொட்டி வாயின் விளிம்பில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன சோப்பு, வழியில குந்திட்டே? உள்ள உன்னைப் பொண்ணு பார்க்க வந்திருக்காங்களா?"

"டார்ச் உள்ளயா கிடக்கு?"

"வேற எங்க கிடக்கும், என் மடியிலயா?"

"சிலிண்டரை மூடினீங்களா?"

"டார்ச்சை மூடிட்டேன். அது போதாதா?"

"அண்ணா, நீங்க இறங்காதீங்க. உங்களுக்கு ஜலதோஷம்."

"லேசா இருக்கு. அதுக்காக லீவு போட்டுப் படுத்துக்கவா?"

"உங்க மூக்கு இப்ப வேலை செய்யலை."

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். மூக்கனின் முகம் மாறியது. "யாரு மூக்கை யாரு சொல்றது? நீ பொறந்தப்பவே நான் டார்ச் பிடிச்சவன்."

"மீனை முட்டைன்னு சொன்னீங்கண்ணா."

யாரோ 'களுக்'கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவரை அதிகம் சுட்டிருக்க வேண்டும். அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். "வேலை ஏன் நிக்குது? சனிக்கிழமை வண்டி வருது, தெரியுமில்ல?"

"எனக்கென்ன சார் தெரியும்? இந்தம்மா டாக்டர் ஆயிட்டாங்க. என் மூக்குக்கு வைத்தியம் பார்க்கிறாங்க."

சூப்பர்வைசர் கெட்டவர் அல்ல. சண்டையை ஒரு நிமிஷத்தில் முடிக்க நினைப்பவர். "இதுக்கு ஏன் ரகளை? நீயே ஒரு தடவை மோந்து பாரு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டு வழியை விடு."

என்ன சொல்லப் போகிறாள்? 'ஆமா சார், கேஸ் வாசனை அடிக்குது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை நிற்கும், அவள் ரகசியமும் நிற்கும். அதைத்தான் சொல்லப் போகிறாள் என்று நம்பினேன், சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"எனக்கு வாசனை தெரியாது சார்" என்றாள் சின்னவள். "ரெண்டு வருஷம் ஆச்சு. மூக்கு செத்துப்போச்சு. அதனாலதான் அண்ணன் நிலைமை எனக்குத் தெரியுது."

'ஆம்' என்று அச்சடித்த சீட்டு என் கையில் இருந்தது. அதை மடித்தேன், இன்னும் சின்னதாக மடித்தேன்.

பின்னால் நின்ற ஒரு வெல்டர் மட்டும் முன்னால் வந்து, அவளைச் சுற்றிக் குனிந்து, தொட்டிக்குள் மோந்து பார்த்தார். "எனக்கு நல்லாத்தான் வேலை செய்யுது. ஒண்ணும் வரலையே."

"மேல வராது. இந்த கேஸ் கனம். அடியில போய்ப் படுத்துக்கும்."

"நீ சொல்லிட்டா ஆச்சா?"

அப்போதுதான் என் வாய் திறந்தது. "காத்தை விட ஒன்றரை மடங்கு கனம்" என்றேன். பரீட்சையில் எழுதிய இரண்டு மார்க் விடை. அதை எழுதி நாலு வருஷத்துக்குப் பிறகுதான் அதற்கு அர்த்தம் இருப்பது தெரிந்தது. குரல் எனக்கே கேட்காத அளவு சின்னதாக வந்தது.

"பட்டதாரியே சொல்லிட்டாங்க, கேட்டுக்குங்க" என்றாள் சின்னவள், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

"சரி, அப்ப ஆக்சிஜன் ஹோஸை உள்ள விட்டு ரெண்டு நிமிஷம் திறந்து விடுவோம். இருக்கிறதெல்லாம் பறந்துடும்" என்றார் அந்த வெல்டர். பட்டறையில் வெயில் காலத்தில் சட்டைக்குள் ஆக்சிஜன் விட்டு உடம்பைக் குளிர்த்திக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது நல்ல காற்று.

"அதுக்கு நேரா நெருப்பையே வைக்கலாம். ஆக்சிஜன் ஊறின துணியில ஒரு பொறி விழுந்தா ஆளே திரியா எரிவான். யாரும் அதைத் தொடாதீங்க." இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. பிறகு சூப்பர்வைசரைப் பார்த்தாள். "சார், சீட்டுல 'பரிசோதிச்சாச்சு'ன்னு போடறோமே, எதை வெச்சுப் பரிசோதிக்கிறோம்? கேஸ் அளக்கிற மீட்டர் ஒண்ணு இருக்கணுமே."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். மீட்டர் இருந்தது. என் மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில், மஞ்சள் பெட்டியோடு, மேஜை ஆடாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டு இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். பேட்டரி இல்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று, ரேடியோவில் ஒன்று என்று கழற்றிப் போட்டோம். சின்னவள் முதலில் சிலிண்டர்களை மூடச் சொன்னாள். மீட்டரை வெட்டவெளியில் பிடித்தாள், பூஜ்யம் காட்டியது. கேஸ் சிலிண்டர் வாயை மயிரிழை திறந்து மூடி, அதன் பக்கத்தில் காட்டினாள், அலறியது. "உயிரோடதான் இருக்கு" என்று சொல்லி, கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள்.

வாய்ப் பக்கம் சத்தம் இல்லை. பாதியில் ஒரு தரம் முனகியது. அடிக்குப் போனதும் தொட்டி முழுக்க எதிரொலிக்க ஓலமிடத் தொடங்கியது, நிறுத்தவே இல்லை. தீப்பிடிக்கும் அளவை நூறாக வைத்துக்கொண்டால், பத்தைத் தாண்டினாலே யாரும் இறங்கக் கூடாது. மேலே இழுத்துப் பார்த்தபோது அது பதிந்து வைத்திருந்த எண் நாற்பத்தொன்று.

மூக்கன் அந்த ஓலத்தைக் கேட்டபடியே நின்றார். பிறகு பையிலிருந்து லைட்டரை எடுத்து, ஏதோ உயிருள்ள பொருளை வைப்பது போலத் தரையில் மெதுவாக வைத்தார். பக்கத்தில் கிடந்த தகட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார். டார்ச்சை மேலே இழுத்துப் பார்த்தபோது கேஸ் திருகு தேய்ந்திருந்தது தெரிந்தது. மூடினாலும் மூடாத திருகு. காற்றை ஊதித் தள்ளுகிற ப்ளோயர் வைத்துத் தொட்டியிலிருந்த கேஸைக் காலி செய்யவே சாயங்காலம் ஆகிவிட்டது.

வீட்டுக்குக் கிளம்புமுன் சூப்பர்வைசர் சின்னவளைக் கூப்பிட்டார். நானும் ஆபீசில் இருந்தேன்.

"இன்னைக்கு ஒரு சாவைத் தடுத்திருக்கே. அதை நான் மறக்க மாட்டேன். ஆனா ரெண்டு வருஷமா மறைச்சிருக்கே. அதையும் மறக்க முடியாது. நாளையிலேர்ந்து ஸ்டோர். டாக்டர் என்ன சொல்றாரோ அதுதான்."

"சரி சார்" என்றாள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று வரும் வழியில் என்னிடமும் சொன்னாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. "கேஸ் வாசனை வருதுன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா என்னடி? எல்லாம் அதோட முடிஞ்சிருக்கும்."

"இன்னைக்கு முடிஞ்சிருக்கும். நாளைக்கும் மூக்குதானே அங்க ஆளும்?" சிறிது தூரம் நடந்துவிட்டுச் சொன்னாள்: "அதுவும் என் செத்த மூக்கு. வாசனை வரலைன்னு நாளைக்கு நான் சொன்னா, அதை நம்பி ஒருத்தர் இறங்குவாங்க."

அம்மா விஷயத்தைக் கேட்டதும், "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா" என்றாள். தைத்துக்கொண்டிருந்த துணியை ஓரம் வரை ஓட்டி முடித்துவிட்டு, "எப்படி மூடிக்கிட்டு இருப்பே" என்றும் அவளே சொல்லிக்கொண்டாள்.

ஸ்டோரில் அவள் நட்டு எண்ணினாள். அவள் பயந்தது அப்படியே நடந்தது. மூக்கன் அவளோடு பேசவில்லை. "இருபது வருஷம் சேர்த்த பேரை ரெண்டு வார்த்தையில கவுத்துட்டா" என்று கேட்பவரிடமெல்லாம் சொன்னார். தன் உயிரைக் காப்பாற்றியதையும் கூடவே சொன்னார். ஆனால் அதைச் சொல்லும்போதும் கோபமாகத்தான் சொன்னார்.

நான் என்ன செய்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சீட்டின் அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு மூன்று கட்டங்கள் போட்டேன்: மேலே என்ன எண், நடுவில் என்ன எண், அடியில் என்ன எண். கீழே, அளந்தவர் பெயரும் அளந்த நேரமும். இடைவேளைக்குப் பிறகு இறங்குவதற்கு இன்னொரு முறை அதே மூன்று எண்கள். வாரம் முழுவதற்கும் அச்சடிப்பதை நிறுத்தினேன்.

"எண் இல்லாம அச்சடிக்க மாட்டேன் சார்."

"மூணு மாச வேலைக்கு வந்தவ நீ."

"இன்னும் அஞ்சு வாரம் இருக்கு சார். அஞ்சு வாரமும் மாட்டேன்."

அவர் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். அத்தனை சீட்டிலும் கடைசிக் கையெழுத்து அவருடையது. அது அவருக்கும் உறைத்திருக்கும். சனிக்கிழமை வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். மீட்டரையும் சரிபார்க்க அனுப்பினார்.

டாக்டர் ஏழு குட்டிப் பாட்டில்களை ஒவ்வொன்றாக நீட்டினாராம். ஏழுக்கும் சின்னவள் "தண்ணி" என்றாளாம். ஏழாவதில் மட்டும் கண்ணில் நீர் வந்ததாம். அது காரம், வாசனை அல்ல என்றாராம். பத்தாம் நாள் சான்றிதழ் வந்தது. 'வாசனையை மட்டுமே எச்சரிக்கையாகக் கொண்ட இடங்களில் இவர் பணிபுரியத் தகுதியற்றவர்.' சூப்பர்வைசர் அதை மேஜைமேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"நான் என்னம்மா பண்ண? எழுதிக் கொடுத்துட்டாரே."

சின்னவள் ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்துப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"சார், வாசனையை மட்டும் நம்பற இடத்துல நான் வேலை செய்யக் கூடாது. சரிதான். அந்த மாதிரி இடத்துல மூக்கு இருக்கிறவங்க வேலை செய்யலாமா?"

அவர் சான்றிதழைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார்.

"இங்க மீட்டர் இருக்கு. சீட்டுல எண் இருக்கு. டார்ச் மேல வருது, சிலிண்டரை மூடறோம். அப்ப இது அந்த மாதிரி இடம் இல்ல. அந்த மாதிரி இடமா மறுபடி ஆச்சுன்னா நானே ஸ்டோருக்குப் போறேன். என்னை மட்டும் இல்ல, எல்லாரையும் அனுப்புங்க."

"வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ."

"இருக்கிற பட்டம் ஒண்ணே வீட்டுச் சுவருக்குப் போதும் சார்."

அவர் டாக்டருக்குப் போன் செய்தார். பட்டறையின் புதிய முறைகளை நான் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். முதலில் நான் எழுதியதில் 'மேற்குறிப்பிட்ட', 'ஆவன செய்யுமாறு' என்றெல்லாம் இருந்தது. சின்னவள் வாங்கி, பாதியை அடித்தாள். "டாக்டருக்கு எது நடக்குது, எது நடக்காதுன்னு மட்டும் சொல்லு" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பதினோரு வரியாக நின்றது. இரண்டு நாளில் திருத்திய சான்றிதழ் வந்தது: சட்டைக் காலரில் சின்ன மீட்டர் ஒன்று எப்போதும் மாட்டியிருக்க வேண்டும், தனியாக ஒருபோதும் இறங்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனையோடு தகுதி உண்டு.

தொட்டியில் இரண்டு தகடுகள் மிச்சம் இருந்தன. வேறு யாரையும் தொட விடாமல் சூப்பர்வைசர் அதை அப்படியே வைத்திருந்தார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. காலையில் மூன்று எண்கள் வந்தன, மூன்றும் பூஜ்யம். ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் கண்ணாடியை இறக்கி, கையுறையை இழுத்துவிட்டு, ஏணியில் கால் வைத்தாள். வாயில் யார் நிற்பது என்று சூப்பர்வைசர் கேட்டபோது மூக்கன் யாரையும் பார்க்காமல் வந்து நின்றுகொண்டார். இடையில் இரண்டு முறை, "அங்க எல்லாம் சரியா?" என்று கேட்டார். அவர் அவளோடு பேசிய பேச்சு அன்றைக்கு அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் மூன்றாவது தகடும் அறுந்து மேலே வந்தது. சங்கிலியில் தூக்கிக் கொட்டகையின் வெளியே சாய்த்தார்கள். பார்வைக்கு அது சாதாரணக் கறுப்பு இரும்பு. சின்னவள் மேலே ஏறி வந்து, வியர்வையைத் துடைக்குமுன்னே ஒரு சாக்கட்டியை எடுத்து, தகட்டின் குறுக்கே எட்ட நின்று பெரிய எழுத்தில் 'சூடு' என்று எழுதினாள்.

"முடிஞ்சுதா? இங்க காவலுக்கு நிக்கிற ஆளை அடுத்த கொட்டகைக்கு அனுப்பவா?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒரு மணி நேரம் போகட்டும் சார். பொறி எங்கயாவது ஒளிஞ்சுட்டு இருக்கும்."

தீயணைப்பானைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, தொட்டியைப் பார்த்தபடி ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.